ராமேஸ்வரத்தில் காற்று வாங்குவது

மேச்சேரியில் ஒருவன் ராமேஸ்வரம் போகிறேன் என்று சொன்னால், எதிரில் நிற்பவர் முதலில் அவன் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "யாரு தவறினது?" என்பார். யாரும் தவறவில்லை என்றால், "அப்ப ஜாதகத்துல ஏதாச்சும்?" என்பார். ஜாதகத்திலும் ஒன்றுமில்லை, சும்மா கடலில் விளையாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டார். உங்கள் அண்ணனிடம் போய்க் கேட்பார்.

என் அண்ணனிடம் அப்படிக் கேட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. "தம்பிக்கு வியாபாரத்துல ஏதும் அடி விழுந்துடுச்சா?" என்றுகூட ஒருவர் விசாரித்திருக்கிறார். அண்ணன் நிதானமானவர். "இல்லீங்க, நாப்பத்தெட்டு வயசாச்சு, அதான்" என்றாராம். கேட்டவருக்கு அதிலேயே எல்லாம் விளங்கிவிட்டது.

நான் போக நினைத்தது காற்றுக்காக. ராமநாதசுவாமியும் இருபத்திரண்டு தீர்த்தமும் இருக்கிற அதே தீவில், கைட் சர்ஃபிங் கற்றுத்தருகிறார்கள். அதற்கென்றே பெங்களூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து கரையோரம் தங்கிப் பழகுகிறார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது, "மாமா, இதப் பாருங்க" என்று போனை நீட்டினான். பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு.

காலில் ஒரு பலகை. இடுப்பில் அகலமான பட்டை, பட்டையில் ஒரு கொக்கி. கொக்கியில் மாட்டிய கட்டையிலிருந்து இருபது, இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு நாலைந்து கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒன்பது, பன்னிரண்டு சதுர மீட்டர் அளவில் பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவார். கைதேர்ந்தவர்கள் இரண்டாள் உயரத்துக்கு எகிறி, நடுவானில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்குகிறார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களும் எகிறுகிறார்கள். இறங்குவதுதான் அவர்கள் கையில் இல்லை.

நான் ஹார்டுவேர் கடைக்காரன். மற்றவர்கள் அந்த வீடியோவில் கடலைப் பார்த்திருப்பார்கள். என் கண்ணில் பட்டது சரக்கு. அந்தக் கயிறு செருப்பு வார் மொத்தம்கூட இல்லை, ஒன்றொன்றும் முழு ஆளைத் தூக்கினாலும் அறாது. நான் விற்கும் நைலான் கயிற்றில் எருமையைக் கட்டிய மறுநாளே ஆள் சண்டைக்கு வருகிறார். பட்டத்தின் முன்விளிம்பில் காற்றடைத்த குழாய் ஒன்று ஓடுகிறது. அதனால்தான் தண்ணீரில் விழுந்தாலும் பட்டம் மூழ்காமல் மிதக்கும், விழுந்த இடத்திலிருந்தே மறுபடி ஏற்றலாம். இந்தக் காற்றுக் குழாய் யோசனைக்கு 1984-ல் காப்புரிமை கேட்டவர்கள் பிரான்ஸைச் சேர்ந்த லெகெனியூ சகோதரர்கள். சைக்கிள் டியூபையும் படுதாவையும் இத்தனை வருஷம் ஒரே கடையில் அடுத்தடுத்த அலமாரியில் வைத்து விற்ற எனக்கு அது தோன்றவில்லையே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

படுதா என்றதும் ஞாபகம் வருகிறது. காற்று எனக்குப் புதிதல்ல. ஒரு ஆடி மாதம், கடைக்கு முன்னால் வெயிலுக்குக் கட்டியிருந்த பெரிய நீலப் படுதாவின் ஒரு பக்க வளையம் பிய்த்துக்கொண்டது. மீதிக் கயிற்றை நான் இடது கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். பிடித்த நேரம் பார்த்து மேட்டூர்ப் பக்கமிருந்து ஒரு வீச்சு. படுதா வயிறு புடைத்து மேலே போனது. நான் குதிகால் எழும்பி, கட்டைவிரலில் நின்று, அப்புறம் அதிலும் நிற்கவில்லை. எதிர் டீக்கடையில் வடை எடுக்கப்போன கை அப்படியே நின்றதை மேலிருந்து பார்த்தேன். மேலிருந்து என்றால் அரை அடி. டீக்கடைக்காரர் இன்றைக்குச் சொல்லும் கதையில் அது கடை போர்டு உயரத்துக்கு வந்திருக்கிறது. அவர் பொய் சொல்வதாக நான் மறுத்துப் பேசியதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேச்சேரியில் அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. கட்சி ஃப்ளெக்ஸ் பறந்து, ஒரு கட்சித் தலைவர் இன்னொரு கட்சி ஆபீஸ் வாசலில் மல்லாந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் காற்றில் குறை ஒன்றுதான்: தண்ணீர் கிடையாது. செம்மண் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் அரைப்படி மண். கடலைக்காய் தூற்றலாம், ராகி தூற்றலாம். அதற்குமேல் இந்தக் காற்றை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டும் விளையாட முடியாது.

இதே தென்மேற்குக் காற்றுதான் ராமேஸ்வரத்துக்கும் போகிறது என்பது எனக்கு லேசான பொறாமை. நம் பக்கம் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மோதி, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருகிற காற்று. தெற்கே போகப்போக மலை மெலிகிறது. செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்று புகுந்து புறப்படுகிறது. முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டுவைத்திருப்பது அதனால்தான். அதையும் தாண்டிக் கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு வருகிற காற்று, நம் மலைக்கும் இலங்கையின் நடுமலைக்கும் இடையிலுள்ள சந்துக்குள் நுழைந்து நெருக்குப்பட்டு வேகம் பிடிக்கிறது. ராமநாதபுரம் சீமையில் அதைத் தடுக்க ஒரு கரடுகூட இல்லை. வெயிலில் காய்ந்த சமவெளி, இரண்டு பக்கமும் கடல். காற்றுக்கு இதைவிட நல்ல ரோடு யார் போட்டுத்தர முடியும்?

பட்டக்காரர்களுக்குக் குறைந்தது 12 நாட் வேண்டும். 15-லிருந்து 25 வரை இருந்தால் கொண்டாட்டம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆக, 28-லிருந்து 46 கிலோமீட்டர் வேகக் காற்று. இந்தக் கணக்கை பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளர் அதைப் பார்த்துவிட்டு, "பிவிசி பைப்பு இஞ்சுல இருந்து நாட்டுக்கு மாறிடுச்சுங்களா?" என்று கேட்டார்.

ராமேஸ்வரம்தான் என்று முடிவு செய்வதற்கு முன்னால், ஆசைக்கு வெளிநாடுகளையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். காற்று விளையாட்டுக்குப் பேர்போன கடற்கரை ஊர்களில் ஒன்று டொமினிக்கன் குடியரசின் கபரேத்தே. அந்தப் பெயரை வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது என்பதால் விட்டுவிட்டேன். வியட்நாமில் முய் நே. அது இருக்கும் ஃபான் தியெட் வட்டாரம் மீன் சாறுக்குப் பெயர்போனது. மீனை உப்புப் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தெடுக்கிறார்கள். காற்றும் கருவாட்டு வாசமும் சேர்ந்தே வரும் என்றால் பாம்பனுக்கும் அதற்கும் விமான டிக்கெட் மட்டும்தான் வித்தியாசம்.

பக்கத்திலேயே கல்பிட்டி இருக்கிறது, இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில். மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் தாண்டியும் காற்று நிற்குமாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கடல்வழியே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். மேச்சேரியிலிருந்து சேலம் போகிற தூரம். ஆனால் நான் கல்பிட்டி போக வேண்டுமென்றால் வடகிழக்கே சென்னைக்குப் போய், விமானம் ஏறி, தெற்கே கொழும்பில் இறங்கி, மறுபடி வடக்கே வர வேண்டும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது, எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பில் போய் இறங்க முடிந்தது. என் தாத்தாவுக்கு அப்போது இந்த ஆசை வந்திருந்தால் என்னைவிடச் சுலபமாகப் போயிருப்பார். அவருக்கு மேட்டூர் அணை கட்டின வேலையில் மண் சுமக்கும் ஆசைதான் வந்தது. அதுவும் கூலிக்காக வந்த ஆசை.

கல்பிட்டி கதை வீட்டில் ஒரே வாக்கியத்தில் முடிந்தது. "பாஸ்போர்ட்டுக்குப் போலீசு வீட்டுக்கு வரும். ஊர்ல என்ன நெனைப்பாங்க?" என்றாள் என் மனைவி. சென்னைக்குப் பக்கத்தில் கோவளம் இருக்கிறதே, அங்கேயும் கடலில் பலகை ஓட்டுகிறார்களே என்றேன். "சென்னைன்னா எங்க சித்தி வீட்டுக்குப் போகாம வர முடியாது. போனா நாலு நாளும் அங்கயேதான்" என்றாள். ஆக, காற்று, கடல், பாஸ்போர்ட், சித்தி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மிஞ்சியது ராமேஸ்வரம்.

அங்கேதான் தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன். கோவா என்று சொல்லியிருந்தால் யாரும் கூட வந்திருக்க மாட்டார்கள். என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருப்பார்கள், நிம்மதி. ராமேஸ்வரம் என்று சொல்லிவிட்டு ஒருவன் தனியாகப் போய்விட முடியுமா?

முதலில் அம்மா. "உங்கப்பாவுக்கு வருஷா வருஷம் காவேரிக்கரையிலேயே முடிச்சிடறோம் கண்ணு. ஒரு தடவ அக்னி தீர்த்தத்துல வெச்சு விட்டுட்டா அவரும் நிம்மதியா இருப்பாரு." அப்பா உயிரோடு இருந்தவரை கடல் என்றாலே முகம் சுளிப்பவர், மெரினாவில் செருப்பு நனைந்துவிட்டது என்று நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். "அது செருப்பு. இது எள்ளு" என்றார் அம்மா.

அடுத்து பெரியப்பா. வயது எண்பதை நெருங்குகிறது. காற்று என்றதும் அவருக்கு 1964 டிசம்பர்தான். "தனுஷ்கோடிய ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போன காத்துடா அது. ரயிலையே ஆளோட கொண்டு போச்சு. உன்னையக் கொண்டு போக எவ்வளவு நேரம்?" நியாயமான கேள்விதான். 22-ஆம் தேதி ராத்திரி அடித்த அந்தப் புயலில் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவே இல்லை. பாலத்தின் கர்டர்களையும் கடல் பிய்த்துப் போட்டது. ரயில்வே ஆறு மாதத்தில் சரிசெய்யச் சொன்ன பாலத்தை, பின்னாளில் மெட்ரோ மனிதர் என்று பெயரெடுத்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் முடித்தார். இதை நான் சொன்னதும் என் மனைவி நிமிர்ந்து எங்கள் கொல்லைப்புறக் கதவைப் பார்த்தாள். போன வருஷம் கீல் பெயர்ந்த கதவு. ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டுக் கதவு. அவள் ஒன்றும் பேசவில்லை, பேசத் தேவையுமில்லை.

இவ்வளவு பயமுறுத்திய பெரியப்பா, அடுத்த மூச்சில், "சரி, எனக்கும் ஒரு சீட்டுப் போடு. புதுப் பாலம் தூக்கறதப் பாக்கணும்" என்றார். 2025 ஏப்ரலில் திறந்த பாலம், நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்டில் ஏறுகிற மாதிரி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும், கப்பல் அடியில் போகும். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள் பெரியப்பா என்றேன். "வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம். நமக்கென்ன அவசரம்?" அவருக்கு அவசரமில்லை. எனக்குப் பட்டம் கற்றுத்தருகிறவன் மணிக்கணக்கில் காசு கேட்பான்.

காற்றைப் பற்றிப் பெரியப்பா சொன்னதில் ஒரு விஷயம் என் மனதில் நின்றது. பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வைத்திருந்தார்கள். 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகும், ரயில் மண்டபத்திலோ பாம்பனிலோ நின்றுவிடும். பில் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்: 31 நாட். அதாவது பட்டக்காரன் விசிலடிக்கிற காற்றுக்கும் ரயில் பயந்து நிற்கிற காற்றுக்கும் நடுவில் ஆறு நாட்தான் இடைவெளி. இந்தத் தகவலை வீட்டில் சொல்லவில்லை.

அக்கா வருகிறாள், அவள் மாமியார் வருகிறார், அண்ணன் குடும்பம் வருகிறது என்று வேன் நிறைந்துகொண்டே போனபோது, எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். செய்தித்தாளைப் பிரித்தால் வாய் அடைத்துப் பற்றவைத்த சின்ன செப்புச் செம்பு. காசிக்குப் போனபோது கொண்டுவந்த கங்கை. கங்கையை ராமேஸ்வரத்தில் கொண்டுபோய் ஊற்றினால்தான் காசி யாத்திரை நிறைவு பெறும்; ராமேஸ்வரத்திலிருந்து மணல் எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பது இன்னொரு பாதி. வாத்தியார் முதல் பாதியோடு முழங்கால் வலியில் நின்றுவிட்டார். "நீ எப்படியும் போறியே சாமி" என்றார். வாங்கி வைத்தேன். மேச்சேரியில் ஒரு செம்பு வாங்கினால் அது ஒரு செம்பாக நிற்காது. பஜாரில் பாதிப்பேர் காசிக்குப் போய் வந்திருக்கிறார்கள், ஒருத்தரும் ராமேஸ்வரத்தை முடிக்கவில்லை என்பது அந்த வாரம்தான் எனக்குத் தெரியவந்தது. இப்போது என் கடை அலமாரியில், பெயிண்ட் டப்பாக்களுக்கு மேல் தட்டில், கங்கை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் பேர் எழுதி ஒட்டவில்லை. யாருடைய புண்ணியம் என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் பட்டம் கற்றுத்தரும் பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவனுக்கு போன் போட்டேன். கடலோரத்தில் பிறந்து, பட்டம் விடக் கற்று, இப்போது வெள்ளைக்காரர்களுக்கே கற்றுத்தருகிறவன். "சொல்லுங்கண்ணே. நீச்சல் தெரியுமாண்ணே?"

"கெணத்து நீச்சல் தெரியும் தம்பி."

"கெணத்துல அலை இருக்காதேண்ணே."

"எங்க கெணத்துல தண்ணியே இருக்காது தம்பி. இருந்த காலத்துல அடிச்சதுதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எடை கேட்டான். ஆளின் எடையைப் பார்த்துத்தான் பட்டத்தின் அளவைத் தீர்மானிப்பார்களாம். கடையில் ஆணி நிறுக்கும் தராசில் ஏறி நின்று சொன்னேன். "பெரிய பட்டமாவே எடுத்துருவோம்" என்றான். முதல் பாடம் கரையிலேயே சின்னப் பட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு. அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் பலகை இல்லாமல் பட்டத்தோடு இழுபட்டுப் போவது. பலகையெல்லாம் அதற்கும் பிறகு. காற்று கரையை ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் அடிக்கிற நாளில் இறங்கவே கூடாது. போனைக் கல்லா மேல் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் மனைவியும் கேட்டாள். "இழுத்துட்டுப் போறதுக்குக் காசு குடுக்கணுமா? இங்க டிராக்டர்காரரு சும்மாவே இழுப்பாரே" என்றாள்.

காற்று எப்படி என்று கேட்டேன். அந்தப் பேச்சில்தான் தம்பி உயிர்ப்பானான். "இப்ப கச்சாண்ணே. ஆவணி வரைக்கும் நிக்கும். பொறவு செத்துரும். மழையோட வாடை எடுக்கும், மார்கழி தையில வாடை நல்லா நிக்கும். தெக்க ஆண் கடல், வடக்க பெண் கடல். கச்சானுக்குத் தெக்க பொங்குனா வடக்க கொளமா கெடக்கும், வாடைக்கு அப்டியே மாறிக்கிரும்." மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் இருபுறமும் கிடக்கிற ஒல்லித் தீவுக்கு இது ஒரு வரம். ஒரு கடல் முறைத்தால் இன்னொரு கடலுக்குப் போய்க்கொள்ளலாம். குடும்பஸ்தனுக்கு இந்த வசதி தரையில் கிடையாது.

"இழுத்துட்டே போயி இலங்கைல விட்டுட்டா?" இது அம்மா, பின்னாலிருந்து. தம்பி சிரிக்கவில்லை. "அதெல்லாம் பட்டத்துல போக மாட்டோம்மா. கூடவே ஆளு இருக்கும். போட்டுல போறவங்க பாடுதான் அங்க கஷ்டம்" என்றான். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்று படகோடு பிடிபட்டவர்கள் அவன் தெருவிலேயே இருக்கிறார்களாம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் மனசு ஒப்பவில்லை. குலதெய்வத்திடம் பூ கேட்டார். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் போகலாம். குழந்தை எடுத்தது, பிரித்தோம், வெள்ளை. "பாத்தியாம்மா" என்றேன். அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "போகலாம்னுதான் சொல்லியிருக்கா. கடலுக்குள்ள போகலாம்னு சொல்லலையே" என்றார். உச்ச நீதிமன்றத்தில் இருக்க வேண்டியவர்.

ஒலிம்பிக்கைச் சொல்லிப் பார்த்தேன். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இந்தப் பட்டப் பந்தயத்தைச் சேர்த்தார்கள். மார்செய் கடலில் நடந்தது. பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலன்டின் பான்டஸும் தங்கம் வாங்கினார்கள். ஆஸ்திரியாவுக்குக் கடலே கிடையாது, கவனியுங்கள் என்றேன். கடலில்லாத நாட்டுக்காரன் தங்கம் வாங்கும்போது மேச்சேரிக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கக் கூடாதா? இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "அவருக்கு என்ன வயசு?" என்றாள் என் மனைவி. பேச்சை மாற்றினேன்.

தேதி குறிப்பதுதான் பெரிய கூத்து. காற்றுக்கு ஆடி உச்சம். கடைக்கும் அதுதான் தோது. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், கடை காற்று வாங்கும், அதை நான் கடலில் வாங்கினால் என்ன? ஆடி அமாவாசையும் வருகிறது, தர்ப்பணமும் ஆயிற்று. எல்லாம் பொருந்திவந்த நேரத்தில் அண்ணன் மெல்லச் சொன்னார்: "ஆடியில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிடுவாங்களே." காப்புக் கட்டிவிட்டால் பண்டிகை முடிகிறவரை ஊரைவிட்டு வெளியே போய் ராத்திரி தங்கக் கூடாது. போதாததற்கு ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர்க் காவிரியில் முழுக்கு. ஆவணியில் முகூர்த்தம், ரெண்டு பத்திரிகை ஏற்கெனவே வந்தாயிற்று. புரட்டாசிக்குக் காற்று செத்துவிடும். ஐப்பசி தீபாவளி, மழை. கார்த்திகையில் புயல் எச்சரிக்கை, பெரியப்பாவுக்கு 1964. மார்கழியில் அண்ணன் மாலை போடுவார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது இந்த விஷயத்தில் வானிலை ஆய்வாகவே ஆகிவிட்டது. தையில் வாடை நன்றாக நிற்கும் என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. காலண்டரைப் புரட்டினால் தை அமாவாசை. ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக்கு ஈடான கூட்டம், அக்னி தீர்த்தத்தில் தலைக்கு மேல் தலை. ஆனால் அப்பாவுக்கு எள்ளும் கிடைக்கும், எனக்குக் காற்றும் கிடைக்கும். குடும்பம் ஒத்துக்கொண்டது. நிகழ்ச்சி நிரலை என் மனைவி பில் புத்தகத்திலேயே எழுதினாள். முதல் நாள் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம், பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தமும் வாளி வாளியாகத் தலையில் வாங்கி, ஈரத்தை மாற்றி, சாமி தரிசனம், மூன்றாம் பிரகாரத்தின் 1,212 தூண்கள். அக்கா மாமியார் தூண்களை எண்ணிப் பார்ப்பேன் என்கிறார், எண்ணுகிற ஆள்தான். இரண்டாம் நாள் பாலம், கப்பல் வரும்வரை. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம். அரிச்சல்முனை. மூன்றாம் நாள் செம்புகள், மணல், சங்கு, பாசிமணி, கருவாடு. கடைசி வரியில், பக்கம் முடிகிற ஓரத்தில், நெருக்கி எழுதியிருந்தாள்: "இவர் — காற்று — அரை மணி."

அரை மணியில் இடுப்புப் பட்டையைக்கூட மாட்ட முடியாது என்றேன். "அப்ப வேன்லயே மாட்டிட்டு வந்துடுங்க."

விலாவாரியாகத் தம்பியிடம் சொல்லி, எப்படியாவது இரண்டு காலை நேரமாவது பிடித்துத்தா என்று கேட்டேன். "எந்த ஊருண்ணே நீங்க? சேலம்னு சொன்னீக." மேச்சேரி என்றேன். போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசினான். திரும்பி வந்தபோது குரலே மாறியிருந்தது. "அண்ணே, எங்கப்பா கேக்குறாரு. மேச்சேரி ஆடுன்னு சொல்றாகளே, அந்த ஊரா?" அந்த ஊரேதான். செம்பழுப்பு நிறம், குட்டை முடி, கொம்பில்லாத தலை; தோலுக்குத் தனி மதிப்பு. எங்கள் ஊர்ப் பேரை உலகத்துக்குச் சொன்னது மனுஷர்களில் யாருமில்லை, ஆடுதான். அதற்கென்றே 1978-லிருந்து பொட்டனேரியில் அரசு ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். "இங்கன ராமநாதபுரம் வெள்ளைதான்ணே. அப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரு மேச்சேரிக் கிடா வேணும்னு. இனவிருத்திக்கு. வரப்ப ஒரு குட்டி கொண்டாந்தீகன்னா, காலைல அஞ்சரைக்கே உங்கள எறக்கிர்றேன். காசெல்லாம் பாத்துக்கிரலாம்ணே."

சந்தையில் பார்த்து நல்ல குட்டியாக ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா எழுந்தே விட்டார். "தர்ப்பணத்துக்குப் போற வண்டியில கிடாயா?"

பெரியப்பாதான் கை கொடுத்தார். "வெட்டவா கொண்டு போறோம்? வம்சம் வளக்கத்தானே. அதுவும் ராமேஸ்வரத்துல. போற புண்ணியத்துல பாதி அதுக்குத்தான்."

வேன்காரர் வந்து சீட் கணக்கைப் பார்த்தார். பெரியவர்களுக்கு முன்வரிசை, கங்கைச் செம்புகள் ஒரு பெட்டியில் நடுவே ஆடாமல், கிடாய்க்குக் கடைசி சீட், அது செம்பை முட்டாமல் இருக்க இடையில் அண்ணன். கட்டுச்சோற்றுக் கூடைகளுக்கு ஒரு சீட். பேனாவால் ஒவ்வொன்றாக டிக் அடித்து முடித்துவிட்டு, என் மனைவி தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஏதாவது சீட் இருக்கிறதா என்று.

"நீங்க மதுரையில இருந்து பாசஞ்சர்ல வந்துடுங்க" என்றாள். "காத்து அதிகமா இருந்தா மண்டபத்துலயே நிறுத்திடுவாங்களாம், பெரியப்பா சொன்னாரு. போன் பண்ணுங்க."